இன்னும் கொஞ்சம் பாரம்

பயிருக்கு மருந்து தெளிக்கும் ஆகாய விமானம் ஒன்று விழுந்து நொறுங்கினால் அது பெரிய செய்தியாவதில்லை. இருநூறு பேர் ஏறிய விமானம் விழுந்தால் உலகமே திடுக்கிடுகிறது. பருத்திக் காட்டோரத்து மண்தரையில் ஒற்றை ஆள் ஓட்டிய விமானம், எதிரே இருக்கும் வேலியைத் தாண்ட முடியாமல் வாய்க்காலில் மூக்கைக் குத்திக்கொண்டால், அந்த வட்டாரத்துப் பத்திரிகையில் நாலு வரி வரும். அவ்வளவுதான்.

ஆனால் அமெரிக்காவில் இதற்கும் விசாரணை உண்டு. 1967-ல் ஏற்பட்ட தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இத்தகைய விபத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிக்கை எழுதி வைக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். சிலவற்றைப் படித்தால், ஒரே கதையை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்களோ என்று தோன்றும். வெயில் கடுமை. தொட்டி நிறைய மருந்து. புல்தரை, இல்லையென்றால் மண்தரை. விமானம் வழக்கத்தைவிட அதிக தூரம் ஓடியது. ஒருவழியாகத் தரையை விட்டது. ஆனால் மேலே ஏறவில்லை. கடைசியில் காரணம் என்று ஒரு கட்டம். அதில் விமானியின் பிழை முதலில் இருக்கும். வெப்பத்தால் லேசாகிவிட்ட காற்று துணைக் காரணமாக இருக்கும்.

'காரணம்' என்ற அந்தச் சொல்லிடம்தான் எனக்குச் சண்டை. இதே மனிதர் இதே பாரத்தை ஏற்றிக்கொண்டு முந்தின நாளும் கிளம்பியிருப்பார். அதற்கு முந்தின வாரமும் கிளம்பியிருப்பார். அன்றெல்லாம் அது பிழையாக இல்லாமல், இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு மட்டும் எப்படிப் பிழையாயிற்று? செய்கை மாறவில்லை, பலன்தான் மாறியிருக்கிறது. பலனைப் பார்த்துச் செய்கைக்குப் பெயர் சூட்டுவது நியாயமா?

இதைப் பேசுவதற்கு முன்னால் அந்த விமானத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1921 ஆகஸ்டு 3-ம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் ட்ராய் என்ற ஊருக்கருகே, புழு அரித்துக்கொண்டிருந்த ஒரு கட்டால்பா மரத்தோப்பின்மேல் ஜான் மக்ரெடி என்ற ராணுவ விமானி தாழப் பறந்தார். எத்தியென் டோர்மோய் என்பவர் செய்து கொடுத்த தொட்டியிலிருந்து ஈய ஆர்ஸனேட் பொடி தோப்பின்மேல் இறங்கியது. பயிர்மருந்து விமானத்தின் பிறப்பு அதுதான். அந்த மக்ரெடி அதே ஆண்டில் வானத்தில் மிக உயரத்துக்கு ஏறிச் சாதனை செய்தவரும்கூட. காற்றே இல்லாத உச்சியையும் மரத்தின் தலை தட்டும் தாழ்வையும் ஒரே ஆள் ஒரே வருஷத்தில் பார்த்துவிட்டார். பிறகு தென் மாகாணங்களில் பருத்தியைத் தின்ற கூன்வண்டை ஒழிக்கக் கம்பெனிகள் கிளம்பின. அவற்றில் ஒன்று லூயிசியானாவில் மன்ரோ என்ற ஊரில் கடை விரித்து, பின்னால் டெல்டா என்ற மாபெரும் பிரயாணிகள் விமானக் கம்பெனியாக வளர்ந்தது. விஷம் தூவிப் பிழைத்த குடும்பம் பெரிய மனிதர் ஆன கதை விமானங்களிலும் உண்டு!

இந்த விமானத்துக்கும் மற்ற விமானங்களுக்கும் முக்கியமான வித்தியாசம், இது ஒரே நாளில் பலமுறை, பாரம் தாங்கும் எல்லைக்கு மிக அருகில் நின்றுகொண்டு, மோசமான தரையிலிருந்து கிளம்ப வேண்டியிருக்கிறது. இக்காலத்துப் பெரிய மருந்து விமானத்தின் தொட்டி 800 காலன் பிடிக்கும். ஏறக்குறைய மூன்று டன். பிரயாணிகள் விமானம் கிளம்பும்போது பின்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஆட்கள் உண்டு. இங்கே கணக்குப் பார்ப்பவரும் ஓட்டுபவரும் ஒருவரே. அதுவும் வியர்வை கண்ணில் வழிய, அடுத்த வயலின் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு.

இனி வெயில். சூடேறிய காற்று விரிகிறது. விரிந்த காற்று லேசானது. லேசான காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறைகிறது, முன்னால் சுழலும் விசிறிக்கும் இழுப்பு குறைகிறது, எஞ்சினுக்கும் மூச்சு குறைகிறது. ஒரே காரணம், மூன்று நஷ்டம். விமானிகள் இதை உயரமாக மாற்றிச் சொல்வார்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரி உஷ்ணம்தான் அவர்களுடைய கணக்குக்கு அடிப்படை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு மிக நெருங்கியே கிடக்கிறது. கோடையில் அங்கே 40 டிகிரி சாதாரணம். 25 டிகிரி அதிகம் என்றால் 3000 அடி. தரையில் நிற்கும் விமானத்துக்குத் தான் பெங்களூரில் நிற்பதாக நினைப்பு. காலையில் சமவெளியில் இருந்த அதே வயல் மத்தியானத்துக்குள் மலை ஏறிவிடுகிறது. வயலில் நிற்பவனுக்கு அது தெரிவதில்லை.

பிரிட்டனில் சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கு ஒரு கைக்கணக்கு சொல்லிக் கொடுக்கிறார்கள். எடை பத்தில் ஒரு பங்கு கூடினால் கிளம்பும் தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். உஷ்ணம் 10 டிகிரி கூடினால் தூரம் பத்தில் ஒரு பங்கு கூடும். காய்ந்த புல்தரையானால் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு. இவற்றைக் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். எடை கொஞ்சம், வெயில் 20 டிகிரி, கீழே புல். இவற்றைப் பெருக்கிப் பாருங்கள்: 400 மீட்டரில் கிளம்ப வேண்டிய விமானம் 700 மீட்டர் கேட்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் 'இதற்கென்ன' என்று தள்ளிவிடக்கூடிய சங்கதிதான். மனிதன் எப்போதுமே தன் சலுகைகளைத் தனித்தனியாகத்தான் எடுத்துக்கொள்கிறான். ஒன்றோடொன்று பெருக்கிப் பார்ப்பது நம் சுபாவத்தில் இல்லை.

மயில் இறகை ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது தமிழ்க் குழந்தைகள் எல்லோருக்கும் பாடம். அந்தக் குறள் இருப்பது வலியறிதல் என்ற அதிகாரத்தில். அடுத்த அதிகாரம் காலமறிதல், அதற்கடுத்தது இடனறிதல். மூன்றையும் அடுத்தடுத்து வைத்த கிழவருக்கு விமானம் தெரியாது. ஆனால் விமானிக்கு வேண்டியதும் இந்த மூன்றேதான்: எவ்வளவு பாரம், எந்த நேரம், எந்தத் தரை. மாட்டு வண்டியின் அச்சு காலையில் ஒரு பருமனும் மத்தியானம் ஒரு பருமனுமாக இருப்பதில்லை. விமானத்தின் அச்சு அப்படி இருக்கிறது. நேற்றுத் தாங்கியதே என்று வண்டிக்காரன் சொன்னால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. விமானி சொன்னால் இல்லை.

இதில் இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. இறக்கை தரைக்கு வெகு அருகில் இருக்கும்போது தரையே அதற்கு ஒரு தாங்கல் கொடுக்கிறது. அந்தத் தாங்கலால், பறக்க இன்னும் தகுதி பெறாத விமானம்கூடத் தரையை விட்டுச் சில அடி எழும்பிவிடும். 'கிளம்பிவிட்டோம்' என்று விமானி மூச்சு விடுவார். மேலே போகப் போகத் தாங்கல் விலகும். அப்போதுதான் உண்மை தெரியும். எதிரே வேலியும் தெரியும்.

சரி, இரண்டு விமானிகளை நினைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்து வயல்கள்; ஒரே மாதிரி விமானம், ஒரே பாரம், ஒரே மணி, ஒரே வெயில். ஒருவர் ஓடும்போது எதிரிலிருந்து ஒரு காற்று அடிக்கிறது. அது இறக்கையைத் தூக்கிவிட வேலியை ஒரு முழ உயரத்தில் தாண்டிப் போகிறார். மற்றவருக்கு அந்தக் காற்று வரவில்லை. மாலையில் முதல்வர் கூட்டாளிகளோடு உட்கார்ந்து குளிர்ந்த பானம் குடிக்கிறார். இரண்டாமவரின் வீட்டு வாசலில் கார்கள் நிற்கின்றன. ஊர் முதல்வரைக் கெட்டிக்காரர் என்கிறது; இரண்டாமவரை, இறந்தவர் என்ற மரியாதைக்காகத் தாழ்ந்த குரலில், அஜாக்கிரதைக்காரர் என்கிறது. இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஒரு மூச்சுக் காற்று. அதை இருவரில் ஒருவரும் சம்பாதிக்கவில்லை.

இது புதிய கேள்வி அல்ல. 1759-ல் வெளிவந்த ஒழுக்க உணர்வுகள் பற்றிய தம் புத்தகத்தில் ஆடம் ஸ்மித், வழியில் போகிறவர்களைக் கவனிக்காமல் சுவருக்கு அப்பால் கல்லை எறிகிறவனைப் பற்றி விசாரிக்கிறார். கல் யார் மேலும் படாவிட்டால் நாம் அவனை மறந்துவிடுகிறோம். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவப் பேராசிரியர்கள் இதையே எடுத்துக்கொண்டு, ஒழுக்கத்திலும் அதிர்ஷ்டம் புகுந்து விளையாடுகிறது என்று வாதித்தார்கள். நல்லவன், கெட்டவன் என்ற தீர்ப்புகூடப் பாதி நம் கையில் இல்லை என்றால் யாருக்குத்தான் சங்கடமாக இராது?

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். இருவருடைய குற்றமும் ஒரே அளவுதான். தப்பித்தவர் குறைந்த குற்றவாளி அல்ல; பிடிபடாத குற்றவாளி. 'பலன்தான் எல்லாம்' என்கிறவர்களோடு நான் ஒத்துப்போக முடியாது. அதற்காக, 'பலன் ஒன்றுமே இல்லை, எண்ணம்தான் எல்லாம்' என்று கண்ணை மூடிக்கொள்ளும் வேதாந்திகளோடும் ஒத்துப்போக முடியாது. எரிந்த விமானத்துக்கருகே நிற்கிற மனைவியிடம் போய் எண்ணத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள்! பலனுக்குத் துக்கம் உண்டு. அது உண்மையான துக்கம். குற்றத்தின் அளவைக் காட்டும் தராசாக மட்டும் அந்தத் துக்கத்தை உபயோகிக்கக்கூடாது என்கிறேன்.

அதிர்ஷ்டம் செய்யும் அநியாயத்தில் இதுகூடப் பெரிதல்ல. அது பாடம் சொல்லிக் கொடுக்கிறதே, அதுதான் பெரிது. வேலியை ஒரு முழத்தில் தாண்டிய மனிதர் அன்று என்ன கற்றுக்கொண்டார்? 'மயிரிழையில் தப்பினேன்' என்று முதல்நாள் கற்றுக்கொள்வார். பத்தாம் நாள், 'இவ்வளவு ஏற்றலாம்' என்று கற்றுக்கொள்வார். ஐம்பதாம் நாள் அவருக்கு அனுபவசாலி என்று பெயர் வந்துவிடும். புதிதாக வந்த இளைஞனுக்கு அவரே ஆசான். தண்டனை கிடைக்காத தவறுகள் சேர்ந்து சேர்ந்து அனுபவம் என்ற பட்டம் பெற்றுக்கொள்வது இந்தத் தொழிலில் மட்டும் நடக்கிறதா என்ன? நமக்குத் தெரிந்த எத்தனையோ பெரிய மனிதர்களின் அனுபவத்தை இப்படிச் சுரண்டிப் பார்த்தால் அடியில் என்ன தெரியும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

உண்மையான அனுபவசாலியை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. ஓட ஆரம்பிக்கும் முன்பே, ஓடுபாதையோரத்தில் ஒரு கம்பத்தையோ புதரையோ அவர் குறித்துக்கொள்வார். 'அந்த இடத்துக்குள் சக்கரம் தரையை விடாவிட்டால் பாரத்தைக் கொட்டிவிடுவேன்.' நின்றுகொண்டிருக்கும்போது, மனம் நிதானமாக இருக்கும்போது, தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் வாக்கு அது. ஓடும்போது மனத்துக்கு யோசிக்க அவகாசம் கிடையாது. சாக்குச் சொல்ல மட்டும் எப்போதும் அவகாசம் உண்டு.

பாரத்தைக் கொட்டுவது என்றேன். விமானியின் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு பிடி இருக்கிறது. அதை இழுத்தால் தொட்டியின் அடி திறந்து மருந்து முழுவதும் கீழே போய்விடும். விமானம் அந்தக் கணமே பஞ்சாகி மேலே எழும். உயிர் பிழைக்க இவ்வளவு சுலபமான உபாயம் பல விமானங்களில் இல்லை. ஆனாலும் அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் பார்க்கிறோம்: பிடியை இழுக்கவில்லை, அல்லது இழுக்கும்போது காலம் கடந்துவிட்டது.

ஏன்? பயத்தில் கை ஓடவில்லை என்பது ஒரு பதில். எனக்கு அது போதவில்லை. அந்த மருந்துக்கு விலை இருக்கிறது. பல இடங்களில் விமானிக்குக் கூலி ஏக்கர் கணக்கில். கொட்டியது ஏக்கரில் சேராது. கொட்டிய இடம் யாருடைய நிலமோ, அங்கே பதில் சொல்ல வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பிடியை இழுப்பது ஒரு வாக்குமூலம். 'நான் அதிகமாக ஏற்றிவிட்டேன்' என்று ஊரறியச் சொல்லுகிற வாக்குமூலம். வேலி இன்னும் இருநூறு கஜத்தில் இருக்கிறது. ஒருவேளை ஏறிவிடுமோ என்னமோ. நேற்று ஏறியதே! இந்த 'ஒருவேளை'யில்தான் இரண்டு விநாடி போகிறது. அந்த இரண்டு விநாடியில் ஒரு மனிதன் தன் உயிரை ஒரு தட்டிலும் தன் கௌரவத்தை ஒரு தட்டிலும் வைத்து நிறுக்கிறான் என்று சொன்னால் மிகையல்ல. நிறுக்கிறோம் என்பது அவனுக்கே தெரியாது.

அந்தத் தயக்கத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. கொட்டுவது தண்ணீர் அல்ல, விஷம். அமெரிக்காவில் 1966 முதல் நடப்பிலிருக்கும் விதி, ஜனங்கள் நெருங்கி வாழும் இடத்துக்கு மேலே பறக்கும் மருந்து விமானம், தன் முழுப் பாரத்தில் பாதியையாவது 45 விநாடிக்குள் கொட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. விதி எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் கொட்டினால் அது யார் தலையில் விழும் என்பது கீழே இருப்பவனின் கேள்வி. கேரளத்தில் காசர்கோடு ஜில்லாவின் முந்திரித் தோட்டங்கள்மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்களே, 2000 வரையில் பல ஆண்டுகள். அங்கே எந்த ஹெலிகாப்டரும் விழ வேண்டியிருக்கவில்லை. ஒழுங்காகப் பறந்து, ஒழுங்காகத் தெளித்து, ஒழுங்காக இறங்கியதிலேயே அந்தக் கிராமங்களின் குழந்தைகளுக்கு வந்த கஷ்டம் நாடறிந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அந்த மருந்தையே தடுத்தது. எனவே, விழுந்த விமானத்தைப் பற்றி மட்டும் பேசி, விழாத விமானங்களெல்லாம் நல்லவை என்று நான் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும், ஓடுபாதைக் கோடியில் ஆளில்லாத புல்வெளிமேல் கொட்டும் மருந்தும் ஒரு மனித உயிரும் எதிரெதிரே நிற்கும்போது எது பெரிது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. புல்வெளியை நாளை கழுவிக்கொள்ளலாம்.

ஃப்ரெட் வீக் என்று ஒரு விமான நிபுணர் இருந்தார். டெக்ஸஸ் மாகாணத்து விவசாயக் கல்லூரியில் வேலை பார்த்தபோது, மருந்து தெளிப்பதற்கென்றே ஒரு விமானத்தை உருவாக்கினார். 1950 டிசம்பரில் அது பறந்தது. அதற்கு முன்னெல்லாம் யுத்தத்துக்கோ பயிற்சிக்கோ செய்த பழைய விமானங்களில் தொட்டியைத் திணித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வீக் விமானிகளுக்கு உபதேசம் செய்யவில்லை. இவர்கள் விழத்தான் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். தொட்டியை விமானிக்கு முன்னால் வைத்தார், மோதும்போது பாரம் பின்னாலிருந்து வந்து நசுக்காதபடி. ஆசனத்தை உயர்த்திப் பின்னுக்குத் தள்ளினார். முன்பகுதி மடிந்து நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளட்டும், ஆள் இருக்கும் கூண்டு மட்டும் நிற்கட்டும் என்று கட்டினார். விபத்தில் மனித உடல் எப்படி அடிபடுகிறது என்பதை ஆராய்ந்த ஹியூ டீஹேவனின் வேலை இதற்குப் பின்னால் இருந்தது. அவர் 1917-ல் பயிற்சி விமானங்கள் மோதி விழுந்ததில் சாகாமல் தப்பியவர். நான் மட்டும் ஏன் பிழைத்தேன் என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர். 1959-ல் வந்த பைப்பர் கம்பெனியின் பானி என்ற விமானம் வீக்கின் அந்த வழியில் பிறந்தது.

விழுந்தாலும் பிழைக்கலாம் என்று தெரிந்தால் ஆட்கள் இன்னும் துணிச்சலாக ஏற்ற மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றக்கூடும். ஆனால் தவறுக்குத் தண்டனை மரணம்தான் என்று வைத்தால்தான் மனிதன் திருந்துவான் என்கிற நினைப்பில் ஒரு கொடூரம் இருக்கிறது. நாற்பது வருஷம் தண்டனையே இல்லாமல் இருந்து நாற்பத்தோராவது வருஷம் ஒரேயடியாகத் தலையில் விழுகிற தண்டனை யாரையும் திருத்தாது. வீக் செய்தது மனிதனைப் பற்றிய குறைந்த மதிப்பு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு என்னவோ, மனிதனை அவன் இருக்கிறபடியே வைத்து மதித்தவர் அவர்தான் என்று படுகிறது.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. அறிக்கையின் 'காரணம்' கட்டத்தில் விமானி ஒருவர்தான் நிற்கிறார். காற்று கிளம்புவதற்குள் எல்லா ஏக்கரையும் முடித்துவிடு என்ற நிலக்காரர் அதில் இல்லை. புழு நாளைக்குக் காத்திருக்காதே என்று அவர் சொல்லுவதும் பொய்யல்ல, புழு காத்திருப்பதில்லை. நடைகளைக் குறைத்தால் எண்ணெய் மிச்சம் என்று கணக்கெழுதிய முதலாளி அதில் இல்லை. கீழே நின்று குழாயைப் பிடித்துத் தொட்டியை நிரப்பிய பையனும் அதில் இல்லை.

கதை எழுதிப் பழகிவிட்டதால் என் மனம் அந்தப் பையனிடம்தான் போகிறது. வில்லியம்ஸ் தம் கட்டுரையில் ஒரு லாரி டிரைவரைச் சொல்லுகிறார்: தன்மேல் தப்பே இல்லாமல் ஒரு குழந்தையை ஏற்றிவிட்டவன். நீ என்ன செய்வாய் என்று எல்லோரும் தேற்றுவார்கள், தேற்றவும் வேண்டும்; ஆனால் அவன் உடனே தேறிவிட்டால் அவனைப் பற்றி நமக்கே ஒரு மாதிரியாக இருக்கும். குழாய் பிடித்த பையன் அந்த டிரைவருக்கு அண்ணன் தம்பி. அவன் சொன்ன அளவுக்கு ஊற்றினான். தொட்டியின் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஊற்று என்று மேலிருந்து கட்டைவிரலைக் காட்டினால் ஊற்றுவான். அவனுக்கு இறக்கையும் தெரியாது, காற்றின் அடர்த்தியும் தெரியாது. சட்டம் அவனை ஒன்றும் கேட்காது. விசாரணைக்காரர் வந்து எத்தனை காலன் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போவார்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, அதே தரைக்கு வேறு ஒரு விமானம் வந்து நிற்கும். புழு இருக்கிறது, பருத்தி இருக்கிறது, பாக்கி ஏக்கர் இருக்கிறது. பையன் குழாயைச் செருகுவான். கோட்டுக்கு நாலு விரல் கீழேயே அவன் நிறுத்திவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மேலே இருப்பவர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பம்பு நின்றுவிட்டதா?" என்று கேட்பார். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. அவன் சம்பளக்காரன், வயது பத்தொன்பதோ இருபதோ. பம்பு சரியாகத்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.